மைக் இல்லாத மிக்ஸர்

மூன்று வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் என் வலது காது போனது. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் இடது பக்கமாகப் புரண்டு படுத்தபோது மின்விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சளி இறங்கியிருக்கும், தானாகச் சரியாகும் என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். அது தப்பு. இப்படித் திடீரென்று காது அடைத்துப்போனால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். ஒரு மாதம் கழித்து, இருக்கிற காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடது காது நன்றாகவே கேட்கிறது. அதனால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இடது பக்கம் இருந்து பேசினால் நான் சாதாரணப் பெண். வலது பக்கம் இருந்து பேசினால் பதில் சொல்லாத திமிர் பிடித்தவள்.

மதுரை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். வக்கீல் சொல்லச் சொல்ல மனுக்களை அடிப்பது வேலை. காது போனபின் என் மேஜையைச் சுவரோரமாக மாற்றிக்கொண்டேன். வலது தோளுக்கு அந்தப் பக்கம் சுவர் மட்டும். அங்கிருந்து யாரும் பேச முடியாது. வக்கீல் காரணம் கேட்டார், சொன்னேன். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை.

குடியிருப்பது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின் தெருவில், ஒரு வீட்டின் மாடி அறையில். அம்மா திருப்பூரில் தம்பி வீட்டோடு இருக்கிறார். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. கல்யாணப் பேச்சு எப்போது நின்றது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது யாரும் கேட்கவில்லை, அப்போதுதான் கவனித்தேன்.

சாயங்காலம் அறைக்கு வந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தங்கள் செய்வேன். சங்கீதம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முறையாக எதுவும் படிக்கவில்லை. பதினாறு பொத்தான்கள் உள்ள ஒரு சின்ன மின்பெட்டி. அதில் தாளத்தைக் கட்டங்களாக அடுக்கலாம், தாளத்தின் மேல் மூன்று நான்கு சுரக்கோர்வைகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிடலாம். மோட்டார் ஓடுகிற மாதிரி, மழை தகரத்தில் விழுகிற மாதிரி, தூரத்தில் மணி அடிக்கிற மாதிரியெல்லாம் அதில் செய்யலாம். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது.

இதை நான் தனியாகத் தொடங்கவில்லை. கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த தோழியும் நானும் சேர்ந்துதான் தொடங்கினோம். கம்ப்யூட்டர் லேபில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தாளம் வரைவோம். அவள் தாளம் போடுவாள், நான் மேலே அடுக்குவேன். படிப்பு முடிந்ததும் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை.

காது போன சமயத்தில் அவள் ஒரு வாரம் தினமும் போன் செய்தாள். கடைசி நாள், "நீ எதையாவது செஞ்சு எனக்கு அனுப்புடி. ஒத்தக் காது போதும் உனக்கு" என்றாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்ய ஆரம்பித்தேன். பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துக் கையடக்க ரெக்கார்டர் ஒன்றில் செருகிப் பதிவு செய்வேன். அதைப் போனில் ஏற்றி அவளுக்கு அனுப்புவேன். ஒன்றை முடிக்க இரண்டு மாதம் ஆகும், சிலசமயம் மூன்று. மறுநாள் பதில் வந்துவிடும்: "சூப்பர்டி". ஒருமுறை "சூப்பரோ சூப்பர்" என்று வந்தது. அன்று அலுவலகத்தில் ஒரு வாய்தா மனுவில் வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன்.

அந்தப் பெட்டியில் எந்தச் சத்தம் எந்தக் காதுப் பக்கம் வரவேண்டும் என்று தீர்மானிக்கலாம். நடுவில் வைத்தால் இரண்டு காதிலும் வரும். வலப்பக்கம் தள்ளினால் எனக்குக் கேட்காது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் சிலதை வலப்பக்கம் தள்ளி வைத்தேன். திரையில் எண்ணைப் பார்த்துத் தள்ளுவேன், அளவையும் கண்ணால் பார்த்துத்தான் வைப்பேன். அவளுக்கு இரண்டு காது இருக்கிறதே.

பதினோரு பதிவுகள் ஆனபின் இன்னொரு கருவி வாங்கினேன். முழங்கை நீளத்துக்கு ஒரு சின்தசைசர். வாங்கி வந்த அன்றே சிக்கல் தெரிந்தது. ஹெட்போன் ஒன்றுதான், அதை ஒரு நேரத்தில் ஒன்றில்தான் செருக முடியும். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் மிக்ஸர் வேண்டும். மேடைக் கச்சேரிகளில் ஓரமாக ஒருவர் நிறையக் குமிழ்கள் உள்ள பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அது. பல ஒயர்களை உள்ளே வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து, எல்லாவற்றையும் இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாக வெளியே விடும்.

மிக்ஸர் வாங்க வேண்டும், நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். "காராபூந்தியும் அரைக்கிலோ வாங்கிட்டு வாங்கக்கா" என்று ஜூனியர் வக்கீல் சொன்னாள். நான் விளக்கவில்லை. மறுநாள் காராபூந்தி மட்டும் வாங்கி வந்தேன்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆம்ப், மைக், ஸ்பீக்கர் எல்லாம் விற்கிற கடை இருக்கிறது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஸ்கூலுக்கா மேடம், சர்ச்சுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தாண்ணே."

"எத்தன மைக் போடுவீங்க?"

"மைக்கே இல்லண்ணே."

"அப்ப பாடுறவங்க?"

"யாரும் பாடல."

அவர் தராசில் எதையோ நிறுத்துப் பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார். "எம்புட்டுப் பேர் வாசிப்பீங்க?"

"நான் ஒருத்திதான்."

மூன்று மிக்ஸர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் மைக் செருகும் துளைகள் எட்டு இருந்தன. ஒன்று சின்னது, அதில் ஒயர் உள்ளே போக இரண்டே வழி. மூன்றாவதில் எக்கோ குமிழ் சிவப்பில் மின்னியது. "இதுதான் நல்லாப் போகுது, பக்திப் பாட்டுக்கெல்லாம் சூப்பரா இருக்கும்" என்றார். வீட்டில் வீடியோக்கள் பார்த்து நான் எழுதி வைத்திருந்த சீட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் வலது பக்கம் வந்து நின்று ஏதோ விளக்கினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். வேனின் ஆர்.சி. புக் தொலைந்துவிட்டது, பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார். தொழில் என்னவென்று அடிக்கக் கேட்டேன். "சவுண்ட் சர்வீஸ். சோழவந்தான்" என்றார். கை தட்டச்சில் நின்றுவிட்டது. மிக்ஸரைப் பற்றி அவரிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான் கூச்சம் வந்தது. அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"வீட்ல பன்னெண்டு சேனல்ல ஒண்ணு சும்மா கெடக்கு. ஞாயித்துக்கிழம வந்து பாருங்க தங்கச்சி. புடிச்சா எடுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை சின்தசைசரையும் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சோழவந்தானுக்கு பஸ் ஏறினேன். கடைசி இரண்டு மைல், சாலையின் இரண்டு பக்கமும் வெற்றிலைக் கொடிக்கால்கள் வந்தன. உள்ளே ஆள் நின்றால்கூடத் தெரியாத பச்சை. அவர் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. முன்னறை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள். அவர் மனைவி நடுவில் வழி விட்டு ஒரு நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்.

சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸரைத் துடைத்து மேஜையில் வைத்தார். என் இரண்டு கருவிகளையும் செருகினார். அப்புறம் என் வலது பக்கம் நின்றபடி ஏதோ கேட்டிருக்கிறார். நான் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நாற்காலியைச் சுற்றி இடது பக்கம் வந்து நின்று, அதே கேள்வியை முதல்முறை கேட்பதுபோலக் கேட்டார்.

"இதுல ரெண்டு ஒயர் வருதே, ரெண்டும் வேறவேற சத்தமா?"

"ஆமாண்ணே. ஒண்ணு இடது, ஒண்ணு வலது."

"வலது காதா?"

"ஆமா."

"எனக்கு இடது மந்தம். கூம்பு ஸ்பீக்கருக்கு அடியிலயே நின்னு நின்னு அப்படி ஆயிப்போச்சு. இவகிட்ட கேளுங்க, ஒரு வேலை சொல்றதுக்கு மூணு தடவ கூப்புடணும்" என்று மனைவியைக் காட்டினார். அந்தம்மா சிரிக்காமல், "நாலு" என்றார்.

காது போனபிறகு அதைப் பற்றி ஒருவரிடம் நான் இவ்வளவு சாதாரணமாகப் பேசியது அன்றுதான்.

அரை மணி நேரம் ஒவ்வொரு குமிழாகத் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் அவரே ஒயர்களைக் கழற்றினார். "இது உங்களுக்கு வேணாம். பன்னெண்டுல பத்து மைக் சேனல். உங்களுக்கு மைக்கே கெடையாது. இடது வலது ரெண்டையும் ஒண்ணா வாங்குற ஸ்டீரியோ சேனல் நாலு இருந்தா போதும். ஒவ்வொண்ணுக்கும் தனியா இடம்-வலம் குமிழ் இருக்கான்னு மட்டும் பாருங்க. இத வாங்குனா தூசி தொடைக்கத்தான் நேரம் சரியா இருக்கும்."

"நீங்க இடம் வலம் பிரிச்சுப் போடுவீங்களாண்ணே?"

"கோயில் கொட்டகையிலயா? எல்லாம் நடுவுலதான். இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு ஒண்ணு, அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு ஒண்ணுன்னு போட்டா அடிக்க வந்துருவாங்க." வாசல் வரை வந்தவர், பஸ் எப்போது என்று பார்த்துச் சொல்லிவிட்டு, "வாங்குனதும் ரெண்டு காதும் கேக்குற ஆள் யாரையாவது கூப்புட்டு ஒருதடவ கேக்க வச்சிருங்க. ஒயரு ஏமாத்தும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். நகரம் வரும்வரை யோசித்தும் ஒருவரும் அகப்படவில்லை.

மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். இந்த முறை சீட்டை வெளியே எடுத்தேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, பெட்டி பிரிக்காமல் மேல்தட்டில் இருந்த ஒன்றை ஏணி போட்டு எடுத்தார். கணக்கு நோட்டு அகலம்தான். நாலு ஸ்டீரியோ வழிகள், ஒவ்வொன்றுக்கும் இடம்-வலம் குமிழ், சத்த அளவைக் காட்ட இரண்டு வரிசைச் சின்ன விளக்குகள். "இத யாரும் கேட்டதே இல்ல" என்றார். கூடவே புது ஒயர்களும் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு காலை அதை மேஜையில் வைத்தேன். எல்லாக் குமிழையும் கீழே இறக்கிவிட்டு, கடைசியில்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்று படித்திருந்தேன். அப்படியே செய்தேன். முதல் வழியில் பெட்டி, இரண்டாவதில் சின்தசைசர், மூன்றாவதில் பழைய பதிவுகளைக் கேட்க ரெக்கார்டர். வெள்ளை டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றின் கீழும் ஒட்டி, எது எது என்று பேனாவால் எழுதினேன். தாளத்தை ஓடவிட்டு, சின்தசைசரில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தேன். இரண்டும் முதல்முறையாகச் சேர்ந்து வந்தன. விரல் வலிக்கும்வரை அந்தச் சுரத்தை விடவில்லை.

விட்டபிறகுதான் அடியில் ஒரு இரைச்சல் இருப்பது கேட்டது. கொசு காதருகே சுற்றுகிற மாதிரி மெல்லிய சத்தம். ஒயர்களைக் கழற்றி மாட்டினேன், போகவில்லை. இடப்பக்கம் மட்டும் வருகிறதா, இரண்டு பக்கமும் வருகிறதா என்று தெரிந்தால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். அதைச் சொல்ல என்னால் முடியாது.

கீழே வீட்டுக்கார அக்கா இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் காலையிலேயே ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார், மகன் சென்னையில். அக்கா மகனோடு போனில் அவர்கள் மொழியில் பேசுவது மாடிப்படி வழியாக மேலே வரும். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. ஆனால் மகன் ஊருக்கு வருகிறானா இல்லையா என்பதை அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். என்னோடு அவர் பேசுவது தண்ணி மோட்டார் பற்றியும் கேட்டைப் பூட்டுவது பற்றியும்தான்.

படியிறங்கிப் போய், "அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் மேல வரமுடியுமா? ஒரு சத்தம் கேட்டுச் சொல்லணும்" என்றேன். எனக்கு ஒரு காது கேட்காது என்பதையும் அப்போதுதான் சொன்னேன்.

"அதான் அன்னைக்குக் கேட் திறக்கச் சொல்லிக் கத்தினேன், நீ பாட்டுக்குப் போயிட்டியா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

ஹெட்போன் கொண்டையில் இடித்தது. பின்பக்கம் இறக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பக்கமும் கொசு." மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் போன் சார்ஜரும் அதே பலகையில்தான் செருகியிருந்தது. "எங்க வீட்டு ரேடியோவும் இப்படித்தான் பண்ணும்" என்று அதைப் பிடுங்கினார். "போச்சு" என்றார். நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

"சரி, நீ பண்ணினத ஒண்ணு போடு. தினமும் மேல உக்காந்து என்னதான் பண்றேன்னு பாப்போம்."

ரெக்கார்டரில் இருந்து ஒன்பதாவது பதிவைப் போட்டேன். எனக்குப் பிடித்தது அது. வலப்பக்கம் ஒரு மணிச் சத்தம் வரும்படி வைத்திருந்தேன். தோழிக்காகச் செய்த மணி. அக்கா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வலது காது மூடியை விரலால் தட்டினார்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் வரலயே."

மிக்ஸரில்தான் கோளாறு என்று நினைத்தேன். ரெக்கார்டரை வேறு வழியில் மாற்றிச் செருகினேன். வரவில்லை. ஒயரை மாற்றினேன். வரவில்லை. பெட்டியை நேராகப் போட்டால் இரண்டு பக்கமும் வந்தது. அப்போதுதான் மிக்ஸரின் விளக்குகளைப் பார்த்தேன். பதிவு ஓடும்போது இடது வரிசை ஏறி இறங்கியது, வலது வரிசை இருண்டு கிடந்தது. பத்தாவதைப் போட்டேன். அதுவும் அப்படி. முதலாவதைப் போட்டேன். அதுவும்.

டிராயரைத் திறந்து, இத்தனை நாள் பதிவு செய்யப் பயன்படுத்திய பழைய ஒயரை எடுத்தேன். அதன் முனைப் பின்னில் ஒரு கறுப்பு வளையம்தான் இருந்தது. புது ஒயரில் இரண்டு. இரண்டு வளையம் இருந்தால்தான் இடதும் வலதும் தனித்தனியாகப் போகும். ஒரு வளையம் என்றால் இடது மட்டும் போகும், வலது அங்கேயே நின்றுவிடும். பதினோரு பதிவிலும் வலது பக்கம் வெறும் மௌனம். எனக்குக் கேட்காத பக்கம் என்பதால் எனக்குத் தெரியவில்லை.

"ரிப்பேர் பண்ணிரலாமில்ல?" என்றார் அக்கா.

"பண்ணிரலாம்க்கா."

அவர் கீழே போனார். ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது வெட்கம்தான். பாதிப் பாட்டையா அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று. மெதுவாகத்தான் இன்னொன்று உறைத்தது. ஹெட்போனில் ஒரு காது முழுக்க அடைபட்டிருந்தால் யாருக்கும் அரை நிமிடத்தில் தெரியும். கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரிந்தது. தோழி பதினோரு முறையும் சொல்லவில்லை.

போன் செய்தேன்.

"என்னடி, ஞாயித்துக்கிழமை காலையிலயே?"

"ஒண்ணு கேக்கணும். நான் அனுப்புனதுல வலது பக்கம் ஏதாவது கேட்டுச்சா?"

"வலது பக்கமா?"

"ஹெட்போன்ல. வலது காதுல."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டார்கள். "நான் போன் ஸ்பீக்கர்ல கேட்டேன்டி. அதுல எங்க தெரியப்போகுது" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் கேட்டுவிட்டேன். "எல்லாத்தையுமா?"

அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"உண்மையச் சொல்லவா? மொதல் ரெண்டு கேட்டேன். அதுக்கப்புறம், சாவகாசமாக் கேப்போம்னு எடுத்து வைப்பேன். சாவகாசம் எங்க வருது? மறுநாள் நீ பதிலுக்குக் காத்துட்டு இருப்பேன்னு தெரியும். அதான் சூப்பர்னு போட்டுருவேன். கேக்கலன்னு சொன்னா நீ செய்யறதையே நிறுத்திருவ. நீ நிறுத்திரக் கூடாதுன்னுதான்."

"சரிடி."

"கோவமா?"

"இல்ல."

கோபம் இல்லை என்று சொன்னது உண்மைதான். போனை வைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அரைகுறையாக இருந்த பதினோரு பதிவையும் ஒருவரும் கேட்கவில்லை, தப்பித்தேன். அந்த நிம்மதி டீ கொதிக்கிற நேரம் வரை இருந்தது. டம்ளரில் ஊற்றும்போது, ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு மாதிரியாக வந்து நின்றது. இரண்டரை வருடச் சாயங்காலங்கள். ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறேன். உள்ளேயிருந்து யாரோ "ம்" கொட்டினார்கள் என்று நம்பிக்கொண்டு.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "புதுசா பண்ணி அனுப்புடி, கண்டிப்பா கேக்குறேன்." சரி என்று போட்டேன். அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து வந்தது, நானும் வாழ்த்து அனுப்பினேன்.

மூன்று வாரம் மிக்ஸரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அலுவலகம் விட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் படியில் எதிரே வந்த வீட்டுக்கார அக்கா, "அந்த மிஷின் ரிப்பேர் ஆச்சா?" என்று கேட்டார். ஆயிற்று என்று பொய் சொன்னேன். சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் அன்று துணியை எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவதை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தேன், புது ஒயரில். வலது வரிசை விளக்குகள் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே. அப்போது ஹெட்போனைத் தவறுதலாகத் திருப்பி மாட்டிவிட்டேன். வலது மூடி இடது காதில் உட்கார்ந்தது. நான் செய்த மணி எனக்கே முதல்முறையாகக் கேட்டது. இவ்வளவு எளிதான ஒன்று மூன்று வருடமாகத் தோன்றவில்லை. அதன்பின் எதைச் செய்தாலும் நேராக ஒருமுறை, திருப்பி மாட்டி ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்பது பழக்கமானது. இரண்டு பாதியும் தெரியும். அவை சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

மாசி மாதம் சவுண்ட் சர்வீஸ்காரர் போன் செய்தார். மிக்ஸர் எப்படி என்று கேட்டுவிட்டு, "திருவிழா சீசன் வரப்போகுது தங்கச்சி. புதுசா ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் செஞ்சிருக்கோம், வயல்ல வச்சு டெஸ்ட் பண்ணணும். சினிமாப் பாட்டப் போட்டா எந்த வீட்ல விசேசம்னு ஊரே கேட்டு வந்துருது. உங்க சத்தம் என்னன்னு யாருக்கும் தெரியாது. கொண்டுட்டு வாரீங்களா?" என்றார்.

ஞாயிறு மத்தியானம் மிக்ஸரையும் மின்பெட்டியையும் புடவையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அறுப்பு முடிந்த வயல். நெல் தாள் காய்ந்து செருப்புக்கு அடியில் நொறுங்கியது. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இருபதடி இடைவெளியில் நிறுத்தியிருந்தார். தலைகீழாகக் கவிழ்த்த தக்காளிக் கூடை மேல் இரண்டையும் வைத்து ஒயர்களைச் செருகினோம். ஒன்பதாவதை மின்பெட்டியிலிருந்து ஓடவிட்டேன். அடித்தாளம் தரை வழியாகக் காலில் ஏறியது. அவர் ஒரு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், அடுத்ததிலும் வைத்துப் பார்த்தார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. வேன் டிரைவர்போல. "இந்தா வாரேன், ஓடட்டும்" என்று சைகை காட்டிவிட்டு, வரப்பில் நடந்துகொண்டே பேசப் போய்விட்டார்.

நான் மட்டும் நின்றேன். அதுவரை ஹெட்போனைத் தவிர வேறெதிலும் கேட்டதில்லை. கீழே குடித்தனம் இருக்கிறது, ஸ்பீக்கர் வைக்க முடியாது. ஹெட்போனில் இடதும் வலதும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. வயலில் அப்படி இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் போய் நின்றேன். வலது பெட்டியின் மணியும் காற்றில் கலந்து என் இடது காதுக்கே வந்தது. எல்லாம் சேர்ந்து வந்தது. வண்டிச் சத்தம், வக்கீல் குரல், குழாயடிச் சத்தம் எல்லாம் தினமும் எனக்கு அப்படித்தானே வருகிறது.

அழுகை வருமோ என்று நினைத்தேன், வரவில்லை. மணி நன்றாக இல்லை என்பதுதான் முதலில் பட்டது. கண்ணால் பார்த்து வைத்த அளவு. தாளத்தை மிதித்துக்கொண்டு தனியாகக் கத்தியது. கூடைக்குப் போய்க் குனிந்து மின்பெட்டியில் மணியை மட்டும் குறைத்தேன். மறுபடி நடுவில் வந்து நின்றேன். இன்னும் அதிகம். மறுபடி போனேன். நாலைந்து நடை நடந்திருப்பேன். மணி கொஞ்சம் பின்னால் போய், மழைச் சத்தத்துக்குள் மறைந்து மறைந்து தெரிகிற இடத்தில் விட்டேன். தூரத்தில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை பறக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. முடிவு வரை கேட்டேன். பிறகு முதலிலிருந்து போட்டு இன்னொரு தடவை கேட்டேன்.

அவர் திரும்பி வந்தார். "அடி நல்லா எறங்குது. மேல் சத்தம் லேசா கிழியுது, அது பாக்ஸ் கோளாறு, நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, "பாட்டு கடைசில வருமா?" என்றார்.

"வராதுண்ணே. இம்புட்டுத்தான்."

"சரி" என்று தலையாட்டினார். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நீள ஒயரைச் சுருட்டினோம். அவர் என்னைச் சாலை வரை கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் கூட்டம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதுரை வரை நின்றே வந்தேன்.